நஞ்சும் அடையும்

"நஞ்சு கீழ இருக்குதும்மா. கனமா எதையும் தூக்காதே."

ஸ்கேன் அறைக்கு வெளியே, முதல் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியிடம் நர்ஸ் இப்படிச் சொல்வதைத் தமிழ்நாட்டின் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். அந்தப் பெண்ணுக்குக் 'கீழே' என்பதோ 'கனம்' என்பதோ காதில் ஏறுவதில்லை. நஞ்சு என்ற ஒரு சொல்லிலேயே முகம் வெளுத்துவிடுகிறது. கூட வந்த அம்மாதான் தோளைத் தொட்டுச் சொல்வார்: "விஷம் இல்லடி. பிள்ளைக்குச் சாப்பாடு போற கொடி." அவள் கையிலிருக்கும் தாளில் அதே உறுப்பு பிளசென்டா என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் அஞ்சுவதில்லை. அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதும் இல்லை. இலத்தீனில் அது ஒரு பலகாரத்தின் பெயர். தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொல் வேண்டுமானால், அடை.

பலகாரத்தின் செய்முறையே எழுத்தில் இருக்கிறது. கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த ரோமானியரான மூத்த கேட்டோ, பண்ணை நடத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். இலத்தீன் உரைநடையில் முழுதாகக் கிடைத்திருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. திராட்சைத் தோட்டம், ஒலிவ எண்ணெய், மாட்டு வைத்தியம் என்று போகிற நூலின் நடுவே, பிளசென்டா சுடுவது எப்படி என்று நிதானமாகச் சொல்கிறார். அடித்தகட்டுக்கு இரண்டு ராத்தல் கோதுமை மாவு. மேலே வரும் அடுக்குகளுக்கு நான்கு ராத்தல் மாவும் இரண்டு ராத்தல் குருணையும். புளிக்காத, புதிய, செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி 14 ராத்தல். நல்ல தேன் நாலரை ராத்தல். பாலாடைக்கட்டியை நீரில் ஊறப்போட்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றி, பிழிந்து, பிசைந்து, சலித்து, தேனோடு கலக்கவேண்டும். எண்ணெய் தடவிய லாரல் இலைகளின்மேல் அடித்தகடு. அதன்மேல் ஒரு மாவுத் தகடு, ஒரு பூச்சு தேன்கலவை, மறுபடி ஒரு தகடு, மறுபடி ஒரு பூச்சு. கடைசியில் அடித்தகட்டின் விளிம்பை மேலே மடித்து மூடி, சூடான மண்மூடியைக் கவிழ்த்து, மேலும் சுற்றிலும் தணல் போட்டு மெல்ல வேகவைக்கவேண்டும். வெந்ததும் மேலே தேன் பூசவேண்டும். ரோம ராத்தல் நம் கணக்கில் சுமார் 327 கிராம். பாலாடைக்கட்டி மட்டுமே நாலரைக் கிலோவுக்குப் பக்கம்! ஒரு வீட்டுக்குச் சுட்டதல்ல அது. ஒரு பண்ணைக்கே சுட்டது.

இலத்தீனுக்கு இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. பிளக்கூஸ் என்றால் தட்டையான அப்பம்; தட்டையானது என்பதுதான் அதன் வேர்ப்பொருள். அடுப்பங்கரையில் அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. ருமேனியாவில் பாலாடைக்கட்டியோ ஆப்பிளோ வைத்துச் சுடும் பலகாரத்துக்குப் பிளாச்சிந்தா என்று பெயர். ஹங்கேரியில் மெல்லிய தோசைபோல ஊற்றிச் சுருட்டுவது பலாச்சின்தா. வியன்னாவின் பலாச்சிங்கனும் அதே வழியில் வந்ததுதான். அந்த ஊர்களில் காலையில் கடையில் வாங்கித் தின்ற சொல்லின் உடன்பிறப்பையே மாலையில் பிரசவ வார்டில் கேட்கிறார்கள்.

அப்பத்தின் பெயர் கருப்பைக்குள் போனது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில். அதற்கு முன்பும் இந்த உறுப்பை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். மருத்துவச்சிகள் ஒவ்வொரு பிரசவத்திலும் கையில் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் உடலை அறுத்துப் படித்த ஆண்களுக்கு, கருவுற்ற பெண்ணின் உடல் அரிதாகவே கிடைத்தது. கிடைத்தவை மாடும் நாயும். அதன் விளைவை இரண்டு பெரிய பெயர்களில் பார்க்கலாம். லியோனார்டோ டா வின்சி 1510களில் வரைந்த, கருப்பைக்குள் முடங்கிக் கிடக்கும் குழந்தையின் ஓவியம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அந்தக் குழந்தையைச் சுற்றி அவர் வரைந்திருப்பது மாட்டின் நஞ்சுக்கொடிக்கு உரிய தனித்தனிக் குமிழ்கள். ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூற்றியல் நூலில் மனிதக் கருவுக்கு நாயின் பட்டை வடிவ நஞ்சுக்கொடி அமைந்துவிட்டது. 1555இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதைத் திருத்தினார். மிகக் கூர்மையான கண்ணுடைய இரண்டு பேர், எந்த மருத்துவச்சியும் செய்யாத பிழையைச் செய்தார்கள். அவளைக் கேட்டிருக்கலாம்.

வெசாலியசின் இடத்துக்குப் பாதுவா பல்கலைக்கழகத்தில் வந்தவர் ரியால்டோ கொலம்போ. அவர் இறந்த ஆண்டான 1559இல் வெளிவந்த அவருடைய நூலில், இந்த உறுப்பு வட்டமான அப்பம்போல இருக்கிறது என்று எழுதினார். கருப்பை அடை என்று பொருள்படும் இலத்தீன் தொடர் அங்கிருந்து நிலைத்தது. பிறகு 'கருப்பை' உதிர்ந்து அடை மட்டும் எஞ்சியது. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் சுவீடன்காரரும் அதைத் தம் மொழிக்குப் பெயர்த்து 'தாய் அப்பம்' என்றே இன்றுவரை சொல்கிறார்கள். கொலம்போ செய்தது சின்னக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் மாட்டுக்கு இருப்பது குமிழ்கள், நாய்க்கு இருப்பது பட்டை, மனிதருக்கு இருப்பது வட்டத்தட்டு என்று அந்த ஒரே உவமை பிரித்துச் சொல்லிவிட்டது. சமையலறைப் பொருளை உவமையாக்கியதால்தான் அது துல்லியமாக வந்தது.

பெயர் வந்த பிறகுதான் அது என்ன செய்கிறது என்ற கேள்வி சூடுபிடித்தது. பொலோன்யாவின் உடற்கூற்றியலார் அரான்சி 1564இல், தாயின் இரத்தக் குழாய்களும் பிள்ளையின் குழாய்களும் நேராக இணையவில்லை என்று வாதிட்டார். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து லண்டனில் ஜான் ஹன்டர், வில்லியம் ஹன்டர் சகோதரர்கள் வண்ண மெழுகைக் குழாய்களுக்குள் செலுத்திப் பார்த்து, இரண்டு ஓட்டமும் தனித்தனி என்று காட்டினார்கள். தாயின் இரத்தம் பிள்ளைக்குள் பாய்வதில்லை. மெல்லிய சவ்வின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை. உயிர்வளியும் உணவும் கடந்து போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. அந்தச் சவ்வை முழுக்க விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும், ஒரு சிறிய அறையின் தரை அளவு. அவ்வளவும் 22 சென்டிமீட்டர் அகலமும் அரைக் கிலோ எடையும் உள்ள ஓர் அடைக்குள் மடிந்து கிடக்கிறது.

பிளசென்டா என்ற சொல் செடிக்குப் போனது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அந்நாளில் செடியை அறுத்துப் பார்த்தவர்களும் உடலை அறுத்துப் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். மார்செல்லோ மல்பீகி மருத்துவர். நெகமியா குரூ மருத்துவர். பின்னால் வந்த லின்னேயசும் மருத்துவர். கொலம்போ பாடம் சொன்ன பாதுவாவிலேயே 1545இல், மருத்துவ மாணவர்களுக்கு மூலிகை காட்டுவதற்கென்று பல்கலைக்கழகத் தோட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. இப்படி உடலையும் செடியையும் ஒருசேரப் படித்தவர்கள் பூவின் அடியிலிருக்கும் சூலகத்தைப் பிளந்தபோது, உள்ளே விதையாகப்போகும் மணிகள் ஒரு மேட்டில் ஒட்டி, காம்பு வழியே உணவு வாங்குவதைக் கண்டார்கள். அந்த மேட்டுக்குப் பிளசென்டா என்றே பெயர் வைத்தார்கள். மணியைத் தாங்கும் காம்புக்கு ஃபூனிக்குலஸ், அதாவது சின்னக் கயிறு. வடிவத்தால் பிறந்த பெயர் இங்கே வடிவத்தை இழந்துவிட்டது. செடியின் சூலகத்துக்குள் வட்டமும் இல்லை, அடையும் இல்லை. ஊட்டுகிற வேலை ஒன்றுதான் கூடவே வந்தது.

இதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம், அரிவாள்மணை போதும். பஜ்ஜி மிளகாய் ஒன்றை நீளவாக்கில் கீறினால், காம்பின் அடியிலிருந்து உள்ளே இறங்கும் வெள்ளைப் பஞ்சுபோன்ற தண்டும் அதன் நரம்புகளும் தெரியும். விதைகளெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. அதுதான் மிளகாயின் பிளசென்டா. விரலால் வழித்தால் விதையும் வெள்ளையும் சேர்ந்தே வந்துவிடும். விதையை எடுத்தால் காரம் போய்விடும் என்று வீட்டில் சொல்வது பாதி சரி. காரத்தைத் தரும் கேப்சைசின் உண்டாவது விதையில் அல்ல, அந்த வெள்ளைச் சதையின் மேற்பரப்பு உயிரணுக்களில். விதைமேல் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்ட காரம். விதையை மட்டும் பொறுக்கிவிட்டு வெள்ளையை விட்டுவைத்த மிளகாய் கடித்தவர் கண்ணில் நீர் வரவைக்கும்.

மற்றக் காய்களும் இப்படியே தம் கதையைச் சொல்கின்றன. அவரையை உரித்தால் விதைகள் ஒரே ஓரத்து விளிம்பில் தொங்குகின்றன. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை. விதைகள் நடு அச்சைச் சுற்றி. தக்காளியிலும் அச்சில்தான்; விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான கூழ் அந்த ஊட்டுதிசுவிலிருந்து வளர்ந்தது. பப்பாளியில் விதைகள் உட்சுவரெங்கும். விளிம்பு சூலொட்டு, அச்சு சூலொட்டு, சுவர் சூலொட்டு என்று மேல்நிலைப்பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வகைகள் இந்தக் காய்கறிக் கூடைக்குள்ளேயே இருக்கின்றன. ஆசிரியர்கள் ஒருநாள் ஒரு கூடையை வகுப்புக்குக் கொண்டுபோனால் அந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

ஒரு வேறுபாட்டை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். செடியில் பிளசென்டா முழுக்கத் தாயின் திசு. மனிதரில் அதன் பெரும்பகுதி பிள்ளையுடையது: கருமுட்டையிலிருந்து பிரிந்த உயிரணுக்களே வேர்போலத் தாயின் கருப்பைச் சுவருக்குள் இறங்கி அதைக் கட்டுகின்றன, தாயின் பங்கு ஒரு படலம்தான். ஒன்றில் தாய் கை நீட்டி ஊட்டுகிறாள். மற்றதில் பிள்ளை கை நீட்டி வாங்குகிறது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறுப்பு ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

காராமணியைக் கையில் எடுத்தால் இன்னொரு இலத்தீன் சொல் கிடைக்கும். அதன் கறுப்புக் கண்ணின் நடுவே வெளுத்த ஒரு வடு இருக்கிறதல்லவா? விதை தன் காம்பிலிருந்து பிரிந்த இடம் அது, விதையின் தொப்புள். தமிழ்ப் பாடநூல் அதைச் சூல்தழும்பு என்கிறது. இலத்தீனில் ஹைலம். மருத்துவத்திலும் இதே சொல்லால், நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் குழாய்கள் புகும் பள்ளத்தைக் குறிக்கிறார்கள். பழைய இலத்தீனில் ஹைலம் என்றால் அற்பம், துளி. 'ஒரு ஹைலம்கூட இல்லை' என்ற தொடர் சுருங்கித்தான் 'நிஹில்', ஒன்றுமில்லை என்ற சொல் பிறந்தது. எள்ளளவும் இல்லை, தினையளவும் இல்லை என்று தமிழர் சொல்வதுபோல, ரோமர் இன்மையைத் துளியால் அளந்திருக்கிறார்கள்.

இலத்தீன் சொல் அடுப்பிலிருந்து உடலுக்கும் உடலிலிருந்து செடிக்கும் போனது. தமிழ் எதிர்த்திசையில் வந்தது. செடியிலிருந்து உடலுக்கு. கொடி என்பது படரும் தாவரம். அதுவே தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, இளங்கொடி. சூல் என்ற சொல்லோ யாருக்கும் தனியுரிமை இல்லாதது. பெண்ணும் சூல் கொள்வாள், மேகமும் சூல் கொள்ளும், நெற்பயிரும் சூல் கட்டும். சினையும் அப்படித்தான்: மரத்தின் கிளையும் சினை, மாட்டின் கருவும் சினை, மீனின் முட்டையும் சினை. மல்பீகியும் குரூவும் அறுத்துப் பார்த்துக் கண்ட ஒற்றுமையைத் தமிழ் பேசியவர்கள் அறுக்காமலே பேச்சில் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கலைச்சொல் செய்தபோது அந்த ஒற்றுமை சற்றுக் கலைந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் செடிக்குச் 'சூலொட்டு'; விலங்கியல் பக்கத்தில் அதே பிளசென்டா 'தாய்சேய் இணைப்புத்திசு'. இரண்டுமே தெளிவான சொற்கள்தான். சூலொட்டு என்பது இலத்தீன் சொல்லைவிட நல்ல சொல் என்றே சொல்லவேண்டும்; சூல் ஒட்டும் இடம், அவ்வளவுதான், விளக்கமே தேவையில்லை. ஆனால் இரண்டும் உலகத்தில் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன என்பது தமிழில் படிக்கும் பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. இலங்கைத் தமிழ் நூல்கள் 'சூல்வித்தகம்' என்கின்றன. பெண்ணின் வயிற்றிலிருப்பதைச் சொல்லும்போதும் சூலும் வித்துமாக அந்தச் சொல் தோட்டத்து நினைவை விடாமல் வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பிரசவ நூல் உட்படப் பலவற்றைத் தமிழாக்கிய மண் அது.

பேச்சுத் தமிழில் இன்னொன்று கவனிக்கவேண்டும். கடல் கடந்த சொந்தங்களை மேடையில் 'தொப்புள்கொடி உறவுகள்' என்கிறோம். காய்ந்து உதிர்ந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுகிறோம். அதே கயிற்றின் மறுமுனைக்குப் பெயர் நஞ்சு. ஒன்பது மாதம் சோறூட்டியதற்கா இந்தப் பெயர் என்று மனம் கேட்கிறது. ஆனால் இந்தப் பெயரில் நன்றிகெட்டதனம் இல்லை. பிள்ளை பிறந்தபின் அது வெளியே வராமல் தங்கிவிட்டால், முழுதாகவோ துண்டாகவோ, குருதி நிற்காது, சீழ் பிடிக்கும், தாய் பிழைப்பது அரிது. மருந்தும் இரத்த வங்கியும் இல்லாத நூற்றாண்டுகளில் எத்தனை வீடுகள் அதைக் கண்டிருக்கும். உள்ளே தங்கினால் நஞ்சு என்று மருத்துவச்சி தன் வாரிசுக்கு விட்டுப்போன எச்சரிக்கையாக இந்தச் சொல்லைப் படிக்கலாம். அடை என்ற பெயர் பார்த்தவருடையது. நஞ்சு என்ற பெயர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவருடையது.

மாடு வளர்ப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். கன்று விழுந்த பிறகும் ஒருவர் கொட்டிலைவிட்டு நகரமாட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் கேட்பதுபோலவே, வழியில் போகிறவரும் "நஞ்சு விழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சில மணி நேரத்தில் விழவேண்டும். 12 மணி நேரம் தாண்டினால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். விழுந்ததும் மாடு தின்றுவிடாமல் எடுத்து, வைக்கோல் வைத்து, பழஞ்சாக்கில் பொதிந்து, ஊருக்கு வெளியே ஆலமரக் கிளையில் கட்டிவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் தொங்கினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. ஒரே ஆலில் பத்துப் பதினைந்து மூட்டைகள் தொங்குவதைச் சாலையோரத்தில் இன்றும் பார்க்கலாம். லியோனார்டோ குழந்தையைச் சுற்றி வரைந்த அந்தக் குமிழ்கள் நூறு வரை அந்தச் சாக்குக்குள் இருக்கும். மனித நஞ்சுக்கொடியின் பிரிவுகளுக்கும் மாட்டின் குமிழ்களுக்கும் உடற்கூற்றியலார் வைத்த பெயர் காட்டிலிடன். தாவரவியலில் அதே சொல், அவரைப் பருப்பு இரண்டாகப் பிளக்கிறதே, அந்த வித்திலை.

பிரசவ அறையில் பிள்ளையைத் தாயின் மார்பில் கிடத்திய பிறகு வேலை முடிவதில்லை. நஞ்சுக்கொடி அரை மணி நேரத்துக்குள் வரவேண்டும். வந்ததும் நர்ஸ் அதை ஒரு தட்டில் விரிக்கிறார். ஒரு பக்கம் பிள்ளை பார்த்த பக்கம்: வழவழப்பாக, பளபளப்பாக, நடுவில் கொடி, அதிலிருந்து நாலாபுறமும் கிளைக்கும் குழாய்கள், ஒரு மரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல. மறுபக்கம் தாயைத் தொட்ட பக்கம்: கருஞ்சிவப்பு, சொரசொரப்பு, பதினைந்து இருபது பிரிவுகள். அவற்றை இரு கையாலும் சேர்த்துப் பிடித்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளே இருக்கிறது என்று பொருள். எல்லாம் பொருந்தினால் "நஞ்சு முழுசா வந்துருச்சு" என்று சொல்லி எடை போட்டு எழுதிக்கொள்கிறார். கொலம்போ கண்ட வட்ட அடை சில நிமிடம் அந்தத் தட்டில் கிடக்கிறது. பிறகு அதை மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.